அறுபத்திரண்டில் நின்றது

அந்த மருத்துவமனையில் அவளுக்கு 'ஏன் அக்கா' என்று பெயர். முதலில் அவள் காதுபடாமல்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் அவளே தொலைபேசியை எடுத்து, "ஏன் அக்காதான் பேசுறேன், சொல்லுங்க" என்றாள். அதற்குப் பிறகு யாருக்கும் ஒளிவுமறைவு தேவைப்படவில்லை.

கேள்வி கேட்கும் வியாதி சின்ன வயதிலேயே தொற்றிக்கொண்டது. அப்பா தபால்காரர். முகவரி தவறாக இருந்தால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போகிறது, சரி. அனுப்பியவர் முகவரியும் இல்லாத கடிதம் எங்கே போகும் என்று அவரிடம் கேட்டாள்.

"அதுக்குன்னே ஒரு ஆபீஸ் இருக்கும்மா."

"அங்க என்ன பண்ணுவாங்க?"

"பிரிச்சுப் படிச்சுப் பாப்பாங்க."

"அடுத்தவங்க லெட்டரைப் படிக்கலாமாப்பா?"

அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். "இவ வாய்க்குப் பதில் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அடுப்புல வெச்சது கருகிடும்" என்பாள் அம்மா.

இருபத்துமூன்று வயதில் மருத்துவமனையின் எக்ஸ்ரே கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தாள். தரைத்தளத்தில் நீளமான ஜன்னலில்லாத அறை. இரும்பு அலமாரிகளில் பழுப்பு உறைகள். ஏணிக்கு ஒரு கால் குட்டை. அட்டையை நாலாக மடித்து முட்டுக்கொடுத்திருந்தார்கள். டாக்டர் நம்பர் சொன்னால் ஓடிப்போய் உறையை எடுத்துத் தர வேண்டும், மாலையில் திரும்ப வந்ததை அதே இடத்தில் சொருக வேண்டும். பதின்மூன்று வருடம் அந்த வேலை. பிறகு ஒருநாள், இனிமேல் படமெல்லாம் கம்ப்யூட்டரில்தான் என்றார்கள். கிடங்கில் இருந்த ஏழு பேரில் ஆறு பேர் மருந்து கவுன்ட்டருக்கும் பதிவு மேஜைக்குமாகப் பிரிந்து போனார்கள். இவளையும் எங்கே போகிறாய் என்று கேட்டார்கள். இவளுக்கு வேறு ஒரு கேள்வி.

"படம் எங்க போகுது?"

"சர்வர் ரூமுக்கு."

மூன்றாம் மாடிக்கு ஏறிப்போய்க் கதவைத் தட்டினாள். அங்கே இருந்த பொறுப்பாளர் பொறுமைசாலி. துணி அலமாரி அளவுக்கு இருந்த ஒரு கருப்புப் பெட்டியைக் காட்டி, "இதுக்குள்ளதான்" என்றார்.

"உள்ளன்னா, உள்ள எங்க?"

அவர் ஒரு தாளை எடுத்து வரைந்து காட்ட ஆரம்பித்தார். முடிக்கும்போது மதியமாகிவிட்டது. அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனவள், வேலை முடிந்ததும் மாலை வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். முதல் பரீட்சையில் தோற்றாள். இரண்டாவதிலும் தோற்றாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர் இரண்டு தடவையும், "பரவால்ல, நீ கேள்வி கேக்குறதுல பாஸ், பதில் சொல்றதுலதான் ஃபெயில்" என்றார். மூன்றாவது தடவை தேறினாள். முப்பத்தெட்டாவது வயதில் சர்வர் அறைக்கே வேலைக்கு வந்தாள். பதின்மூன்று வருடமாக அந்தக் கருப்புப் பெட்டி அவள் பொறுப்பு.

பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் தொண்ணூற்றாறு டிஸ்க். மருத்துவமனையில் எடுக்கிற ஒவ்வொரு ஸ்கேனும் எக்ஸ்ரேயும் அவற்றில்தான் போய் உட்காரும். ஆனால் எந்தப் படம் எந்த டிஸ்க்கில் எந்த மூலையில் இருக்கிறது என்பது டிஸ்க்குகளுக்குத் தெரியாது. அதைத் தெரிந்து வைத்திருப்பவை பெட்டியின் நடுவில் இருக்கும் இரண்டு கன்ட்ரோலர்கள். நோடு என்றும் சொல்வார்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டும் ஒரே மாதிரி. பாதிப் பாதி வேலை. ஒன்று விழுந்தால் மற்றது இரண்டு பேர் சுமையையும் தூக்கும். இரண்டும் ஒன்றாக விழுந்தால், படங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கும், எடுக்கத்தான் வழியிருக்காது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு, மேலே இருந்த நோடு விழுந்தது.

சத்தமில்லாமல்தான் விழுந்தது. பச்சை விளக்கு மஞ்சளாயிற்று, மஞ்சள் அணைந்தது. கீழ் நோடு சுமையை வாங்கிக்கொண்டது. ஆனால் மூன்று வினாடியில் திறக்கிற படம் முப்பது வினாடி எடுத்தது. ஐந்தாவது நிமிடம் ஸ்கேன் டாக்டர் போன் செய்துவிட்டார். கோபக்காரர், ஆனால் காரணத்தோடுதான் கோபப்படுவார்.

"ஏன் அக்கா, என்ன ஆச்சு? ஒரு படம் வர்றதுக்குள்ள நான் காபி குடிச்சிட்டு வந்துடறேன்."

"ரெண்டு மாட்டுல ஒண்ணு படுத்துடுச்சு டாக்டர். ஒத்த மாடு இழுக்குது."

"எப்ப எழுந்திருக்கும்?"

"நாளைக்கு மாத்து மாடு வருது."

பெட்டியைப் பராமரிக்கும் கம்பெனியிலிருந்து புதன்கிழமை காலை ஆள் வந்தார். எப்போதும் தோளில் ஒரு கருவிப்பெட்டி, கையில் ஒரு அட்டைப்பெட்டி என்று வருவதால் அவருக்குப் பெட்டிக்காரர் என்று பெயர். இருபது வருட அனுபவம். வேகமான கை. பழைய நோடை உருவினார், ஒரு பார்வை பார்த்தார், "மெமரி போர்டு போயிருக்கு" என்றார். அட்டைப்பெட்டியிலிருந்து புதியதை எடுத்துச் சொருகினார். பழையதை அதே அட்டைப்பெட்டியில் வைத்து டேப் ஒட்டினார். கெட்டதை அன்றைக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்பது கம்பெனி விதி.

புது நோடுக்குள்ளே விரல் நீளத்துக்கு ஒரு சின்ன டிஸ்க் உண்டு. எழுந்து நிற்கத் தேவையான நிரல்கள் அதில் இருக்க வேண்டும். புதியதில் அது காலி. உயிரோடிருக்கிற கீழ் நோடு தன்னிடமிருப்பதைப் பிரதி எடுத்துப் புதியதற்குக் கொடுக்கும். கொடுத்து முடித்ததும் புதியது எழுந்து ஜோடி சேரும். முக்கால் மணி நேர வேலை.

திரையில் சதவீத எண் ஏறியது. ஐம்பது, ஐம்பத்தைந்து, அறுபது, அறுபத்தொன்று, அறுபத்திரண்டு. நின்றுவிட்டது.

"சில சமயம் இப்படிப் பண்ணும்" என்று பெட்டிக்காரர் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மறுபடியும் அறுபத்திரண்டு. கேபிளை மாற்றினார். அதே அறுபத்திரண்டு.

மணி பன்னிரண்டே கால். பெட்டிக்காரர் கைகளைத் துடைத்துக்கொண்டார். "மேடம், கீழ் நோடு ரொம்ப நாளா ரீஸ்டார்ட் ஆகாம ஓடிட்டு இருக்கு. மூணு வருஷம் ஏழு மாசம். களைச்சிருக்கும். ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டா எல்லாம் சரியாயிடும். கால் மணி நேரம் கொடுங்க போதும்."

மருத்துவமனைக் கண்காணிப்பாளர் போனிலேயே அனுமதி கொடுத்துவிட்டார். ஒரு மணிக்கு சாப்பாட்டு இடைவேளை. ஒன்றிலிருந்து ஒன்றேகால் வரை படம் வராது என்று எல்லாத் துறைக்கும் அறிவிப்புப் போயிற்று.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நோடு களைக்குமா? மனுஷன் களைப்பான். அது சரி, களைத்தாலும் ஒரே இடத்திலா மூன்று தடவையும் உட்காரும்?

"சார், ஏன் அறுபத்திரண்டு?"

"அது ஒரு நம்பர் மேடம்."

"நம்பர்தான். ஆனா ஏன் அதே நம்பர்? கேபிள் தப்புன்னா ஒவ்வொரு வாட்டியும் ஒவ்வொரு இடத்துல நிக்கணுமே."

பெட்டிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். அவசரமாகப் போகிற வழியில் யாரிடமோ பேச்சில் மாட்டிக்கொண்டவர் முகம்.

அப்போது கணவரின் போன் வந்தது. தினமும் அந்த நேரத்தில், சாப்பிட்டாயா என்று கேட்க வரும் போன். இல்லை, ஓடுகிற ஒன்றையும் நிறுத்தப் போகிறார்கள் என்றாள்.

"ரெண்டு லிஃப்ட்ல ஒண்ணு நின்னு போச்சுன்னா, ஓடுற லிஃப்ட் மேல கையே வெக்காதேன்னுதான் எங்க ஆளுங்ககிட்ட சொல்லுவேன்" என்றார் அவர். "அதுவும் போச்சுன்னா மாடிப்படிதான். உங்க பெட்டிக்கு மாடிப்படி இருக்கா?"

இருந்தது. எல்லாப் படத்துக்கும் வேறொரு கட்டிடத்தில் ஒரு நகல் உண்டு. ஆனால் அதிலிருந்து மொத்தத்தையும் திரும்பக் கொண்டுவரப் பதினோரு நாள் ஆகும். பதினோரு நாள் பழைய படம் எதுவும் கிடைக்காத மருத்துவமனையை அவள் நினைத்துப் பார்த்தாள். போன வாரம் தலையில் அடிபட்டு வந்தவனின் அன்றைய ஸ்கேனையும் இன்றைய ஸ்கேனையும் டாக்டர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது.

"சார், ரீஸ்டார்ட்டுக்கு முன்னாடி ஒரே ஒரு சோதனை. அறுபத்திரண்டுல எந்த ஃபைல்ல நிக்குதோ, அதைக் கீழ் நோடு அனுப்ப வேணாம். தானே சும்மா படிச்சுப் பாக்கட்டும். படிக்க முடியுதான்னு மட்டும் பாப்போம்."

"அதுல என்ன தெரியப் போகுது?"

"வாங்குறவன் மேல தப்பா, குடுக்குறவன் மேல தப்பான்னு தெரியும்."

பெட்டிக்காரர் நல்ல மனுஷர். மறுத்துப் பேச நேரம் பிடிக்கும், செய்துவிட்டால் சீக்கிரம் முடியும் என்று கட்டளையைத் தட்டினார். ஒரு வினாடி. இரண்டு. பிறகு ஒரு வரி வந்தது: படிக்க முடியவில்லை.

மறுபடி தட்டினார். அதே வரி.

பெட்டிக்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். உயர்த்திப் போட்ட தரைப் பலகை டொக்கென்றது. கீழ் நோடின் சின்ன டிஸ்க் எப்போதோ பழுதாகிவிட்டது. எழுந்திருக்கும்போதுதான் நோடுக்கு அந்த டிஸ்க் தேவைப்படும். மூன்று வருடம் ஏழு மாதமாக அது தூங்கி எழவே இல்லை என்பதால் யாருக்கும் தெரியவில்லை. தேவையானதையெல்லாம் மெமரியில் வைத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மணிக்கு அணைத்திருந்தால் அது திரும்ப எழுந்தே இருக்காது.

"நான்தான் ஆஃப் பண்ணிருப்பேன்" என்றார் பெட்டிக்காரர் மெதுவாக. "என் கையாலயே."

"பண்ணலயே" என்றாள் அக்கா.

ஒரு மணி அறிவிப்பை ரத்து செய்தார்கள். அக்கா ஒரு தாளில் 'தொடாதீர்கள்' என்று பெரிதாக எழுதி ஒட்டினாள். அதுவும் போதாது என்று தன் நாற்காலியைப் பெட்டிக்கு முன்னால் இழுத்துப் போட்டு, கோவில் வாசலில் செருப்புக்குக் காவல் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்துகொண்டாள். தரை துடைக்க வந்த அம்மாவை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். பெட்டிக்காரர் தன் கம்பெனிக்கு மாற்றி மாற்றிப் போன் செய்தார். இப்படி இரண்டும் ஒரே நேரத்தில் போனது எங்கள் ஏட்டிலேயே இல்லை என்றார்கள். நிரல்களைப் புது டிஸ்க்கில் எழுதி வேறு ஊரிலிருந்து அனுப்ப நாளைக்கு மாலை ஆகும் என்றார்கள். அதுவரை ஒற்றை மாடு தாங்க வேண்டும்.

இரண்டரை மணிக்குக் கதவு தட்டப்பட்டது. கூரியர்காரர். தலை நரைத்த மனுஷர், மூன்று மாடி ஏறி வந்த மூச்சு.

"திரும்பப் போற பார்சல் ரெடியா?"

"அந்தா இருக்கு, எடுத்துக்கோங்க" என்று பெட்டிக்காரர் போனிலிருந்து வாயை எடுக்காமலே மூலையைக் காட்டினார்.

கூரியர்காரர் குனிந்து பெட்டியைத் தூக்கினார். டேப் ஒட்டிய அந்த அட்டைப்பெட்டி கதவை நோக்கிப் போவதை அக்கா பார்த்தாள். உள்ளே இருப்பதில் கெட்டுப்போனது எது?

"நில்லுங்க, நில்லுங்க!" நாற்காலியிலிருந்து எழ முடியாது, காவலாயிற்றே, கையை மட்டும் நீட்டினாள். "சார், மேல் நோடுல என்ன போச்சுன்னு சொன்னீங்க?"

"மெமரி போர்டு."

"டிஸ்க்?"

பெட்டிக்காரர் போனைக் காதிலிருந்து இறக்கினார். அந்தப் பக்கத்தில் யாரோ இன்னும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

செத்துப்போன நோடின் சின்ன டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. அதை எடுத்துப் புது நோடில் போட்டால் யாரிடமும் பிரதி கேட்காமலே எழுந்துவிடும். தான் யார், எந்தப் பெட்டியைச் சேர்ந்தது என்பது வரை எல்லாம் அதில் எழுதியிருக்கிறது.

"திருப்பி அனுப்புற சாமானைப் பிரிக்கக் கூடாதுன்னு விதி இருக்கு" என்றார் பெட்டிக்காரர்.

"டேப் ஒட்டி இன்னும் வாசலைத் தாண்டலயே."

கூரியர்காரர் பெட்டியை அணைத்துப் பிடித்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் வேணா கீழ போய் ஒரு டீ குடிச்சிட்டு வரட்டுமா?" என்றார். அந்த அறையில் அன்றைக்குச் சொல்லப்பட்டதிலேயே நல்ல யோசனை அதுதான்.

கம்பெனியிடமிருந்து அனுமதி வர நாற்பது நிமிடம் ஆயிற்று. அதற்குள் ஸ்கேன் டாக்டரே மூன்றாம் மாடிக்கு வந்துவிட்டார். கத்துவதற்கு என்றுதான் வந்தார். அக்கா நாற்காலியில் உட்கார்ந்தபடியே நடந்ததைச் சொன்னாள். டாக்டர் பெட்டியை உற்றுப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"அப்ப இப்ப நீங்க பண்ணப்போறது, உறுப்பு மாற்று ஆபரேஷன்."

"அதெல்லாம் பெரிய பேச்சு டாக்டர். ரெண்டு ஸ்க்ரூ."

இரண்டே ஸ்க்ரூதான். ஆனால் பெட்டிக்காரரின் வேகமான கை அன்றைக்கு ஒவ்வொன்றையும் கண்ணாடிக் குப்பி மாதிரி கழற்றியது. சின்ன டிஸ்க்கைப் புது நோடில் பொருத்தி, உள்ளே தள்ளினார். விளக்கு மஞ்சளாக விட்டுவிட்டு எரிந்தது. திரையில் வரிகள் ஓடின. மஞ்சள் பச்சையாயிற்று. புதியது எழுந்ததும் கீழ் நோடு, இரண்டு நாளில் வந்த மாற்றங்களைத் தன் மெமரியிலிருந்து எடுத்துக் கொடுத்தது. நாலரை மணிக்கு இரண்டும் ஜோடி.

"நாலு வினாடி" என்று தன் கைப்போனில் ஒரு படத்தைத் திறந்து பார்த்துச் சொன்ன டாக்டர், வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் இறங்கிப் போனார்.

வேலை அதோடு முடியவில்லை. இப்போது கீழ் நோடுதான் நோயாளி. வேண்டுமென்றே அதை அணைத்தார்கள். பழுதான டிஸ்க்கைக் கழற்றி, புது நோடோடு வந்த காலி டிஸ்க்கை அதில் பொருத்தினார்கள். இந்த முறை மேலிருந்து கீழே பிரதி. ஐம்பது, அறுபது, அறுபத்தொன்று, அறுபத்திரண்டு. பெட்டிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அறுபத்திமூணு" என்றாள் அக்கா.

போகும்போது பெட்டிக்காரர் வாசலில் நின்றார். "வர்றேன் மேடம்" என்று எப்போதும் சொல்பவர், "வர்றேன் அக்கா" என்றார்.

வேறு யாராக இருந்தாலும் கதை இங்கே முடிந்திருக்கும். கண்காணிப்பாளர் மறுநாள் எல்லோர் முன்னாலும் அவளைப் பாராட்டினார், அறிக்கை மட்டும் எழுதிக் கொடுங்கள், போதும் என்றார். ஆனால் அறிக்கை எழுத உட்கார்ந்தவளுக்கு ஒன்று உறுத்தியது. அந்த டிஸ்க் எப்போது கெட்டது? பெட்டி தன்னைத்தானே மாதம் ஒருமுறை சோதித்துக்கொள்ளும். அப்படியென்றால் எங்கேயாவது ஒரு வரி சொல்லியிருக்க வேண்டுமே. ஏன் சொல்லவில்லை?

பழைய பதிவுகளை மாதம் மாதமாகப் பின்னோக்கிப் படித்துக்கொண்டு போனாள். மூன்றாம் நாள் கண்டுபிடித்தாள். பதினான்கு மாதத்துக்கு முந்தைய ஒரு வெள்ளிக்கிழமை. 'கீழ் நோடு, உள் டிஸ்க், வாசிப்புப் பிழை.' அதன் எதிரே 'பார்த்தாகிவிட்டது' என்று குறி. ஒருமுறை அப்படிக் குறித்துவிட்டால் பெட்டி அதே விஷயத்தை மறுபடி சொல்லாது. குறித்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவள் பெயர் இருந்தது.

அவள் புத்தி வழக்கம்போல அடுத்த கேள்விக்குப் போயிற்று. ஏன் குறித்தேன்? அன்றைக்கு முன்னும் பின்னும் படித்தாள். சர்வர் அறையின் ஏசி நின்றுபோன நாள் அது. சூடு ஏறி, பெட்டி ஒரே மணி நேரத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு எச்சரிக்கைகளை அள்ளிக் கொட்டியிருந்தது. ஏசி சரியானதும், எல்லாம் சூட்டினால் வந்தவைதானே என்று மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே அமுக்கில் 'பார்த்தாகிவிட்டது' என்று குறித்திருக்கிறாள். அந்தக் கும்பலுக்குள் இந்த ஒன்றும் இருந்திருக்கிறது.

அறிக்கையில் அதையும் எழுதினாள். கண்காணிப்பாளர் படித்துவிட்டு அவளைக் கூப்பிட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை எழுதித்தான் ஆகணுமாம்மா? யாரும் கேக்கலயே."

"நான் கேட்டேனே சார்."

"உன் பேரை நீயே எழுதிக் குடுக்குற."

"இதை விட்டுட்டா, ஏன் ஆச்சுங்கற இடம் காலியா இருக்கும். அப்புறம் எதுக்கு சார் இந்த அறிக்கை?"

அறிக்கை அப்படியே மேலே போயிற்று. மேலேயிருந்து ஒரு கடிதம் வந்தது. முதல் பத்தியில் பாராட்டு, இரண்டாவது பத்தியில் எச்சரிக்கை. அடியில் கையெழுத்து ஒன்றுதான். கணவர் அதை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

"ஒரே கவர்ல பூவும் செருப்பும் அனுப்பியிருக்காங்க" என்றார். "உனக்குக் கஷ்டமா இல்லையா?"

"முதல்ல இருந்துச்சு. கண்டுபிடிச்ச அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. ஆனா தெரியாம இருந்திருந்தா அதைவிடக் கஷ்டம்."

அதன் பிறகு எச்சரிக்கைகளை மொத்தமாகக் குறிக்கிற வசதியையே அந்த அறையில் நிறுத்திவிட்டாள். இனி ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திறந்துதான் குறிக்க வேண்டும். உடன் வேலை செய்பவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே செய்தார்கள்.

மீதம் ஒரு வேலை இருந்தது. அந்த வெள்ளிக்கிழமையின் மற்ற இருநூற்றுப் பதினொன்று. யாரும் அவளைப் படிக்கச் சொல்லவில்லை. தினமும் காலையில் வந்ததும் டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முப்பது, நாற்பதாகப் படித்தாள். ஆறு நாள் ஆயிற்று. எல்லாமே சூட்டைப் பற்றிய புலம்பல்தான். விசிறி வேகம், காற்று வெப்பம், மறுபடி விசிறி வேகம். கடைசி வரியையும் படித்துக் குறித்துவிட்டு, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தாள். பிறகு எழுந்து போய், அன்றைக்கு அந்த ஏசி ஏன் நின்றது என்று கட்டிடப் பராமரிப்புக்காரரிடம் கேட்டாள்.